எட்டு ஜி.பி.க்குப் பாடி கட்டப் போனவன்

அன்பும் மரியாதையும் மிக்க சண்முகவேல் மச்சான் அவர்களுக்கு, நாமக்கல்லில் இருந்து உங்கள் மைத்துனன் தங்கசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் லாரிகளும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் பண்ணைக் கோழிகளும் நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நீங்கள் சிரிப்பது காதில் விழும் என்பதால் கடிதம்.

உங்கள் மகள் நித்யஸ்ரீ கட்டடக்கலைப் படிப்பில் சேர்ந்த விருந்தன்று, நீங்கள் அவளுக்கு வாங்கி வைத்திருந்த கறுப்பு லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்து, "ஏனுங் மச்சான், இது லேப்டாப்புங்களா, தீவன மூட்டைங்களா?" என்று அத்தனை சொந்தபந்தம் முன்னால் கேட்டவன் நான். தாய்மாமன் சீர் என்றால் பார்க்கிற கண் கூச வேண்டும் என்று மார்தட்டி, லட்சத்துக்கு மேல் கொடுத்து அப்பளம் போல ஒன்றை வாங்கித் தந்தவனும் நானே. கடையில் பிரவீனா என்கிற பெண், "மெமரி எட்டு ஜி.பி. போதுங்ளாண்ணா? படம் வரையற புள்ளைக்குப் பதினாறாச்சும் வேணுங்ளே" என்று படித்துப் படித்துச் சொன்னாள். கேட்டேனா? லாரிக்காரன் புத்தி! லாரிக்கு எஞ்சினும் சக்கரமும் மட்டும் உள்ள சேஸிஸை வாங்கி வந்து, நம்மூர்ப் பட்டறையில் இஷ்டத்துக்குப் பாடி கட்டுவதில்லையா, அது மாதிரிதான் மெமரியும் என்று நினைத்து, "நீ சேஸிஸை மட்டும் குடு சாமி, மத்ததை ஊர்ல கட்டிக்கறோம்" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, பில் போட்டுவிட்டாள்.

போன வாரம் சேலத்தில் லோடு இறக்கிவிட்டுக் கல்லூரி கேண்டீனுக்குப் போனால், நம் புள்ளை, தோழி அர்ஃபாவின் பழைய லேப்டாப்பில் வரைந்துகொண்டிருக்கிறாள். என்னுடையது உறைக்குள் தூங்குகிறது. "ஏஞ்சாமி, மாமன் வாங்கிக் குடுத்தது என்னாச்சு?" என்றேன். "அது நல்லாத்தானுங் மாமா இருக்குது. கீறல் உழுந்துருமேன்னு எடுக்கலீங்க" என்று தரையைப் பார்த்தாள். அர்ஃபாதான் போட்டு உடைத்தாள்: "பெரிய படத்தைத் திறந்தா அப்படியே நின்னுடுது அங்கிள். நீங்க சங்கடப்படுவீங்கன்னு சொல்ல மாட்டேங்கறா." எனக்கு உசுரே போச்சு மச்சான். அவள் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூடத் தேவலை. அப்போதே அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடி, இன்னொரு எட்டு ஏத்து என்றால், பிரவீனா, "அது போர்டோட சேத்திப் பத்தவெச்சதுங்ணா, இனி ஏத்த முடியாது" என்கிறாள். "என்ற செல்லுலயே பன்னெண்டு இருக்குது! லட்ச ரூவாச் சாமானத்துக்கு எட்டா? அப்புறம் காசு எதுக்கு வாங்குன?" என்று கத்தினேன். "மெலிசுக்குங்ணா" என்றாள். கடையே சிரித்தது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்புறம் விசாரிச்சா, உங்க தீவன மூட்டையில பதினாறு இருக்குதாம், மேல ஏத்தவும் எடமிருக்குதாம். அது பண்ணையில முட்டைக் கணக்கு எழுதிட்டுக் கெடக்குது. வருகிற திங்கட்கிழமை புள்ளை வரைபடம் கொடுத்தாக வேண்டும். வெள்ளிக்கிழமையே அர்ஃபா லேப்டாப்போடு ஊருக்குப் போகிறாளாம். வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன் மச்சான், அந்தக் கறுப்பை, இந்தக் கடிதம் கொண்டுவரும் நம் டிரைவரிடமே கொடுத்தனுப்புங்கள். என்னுடையதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், முட்டை எண்ண எட்டு போதும். விருந்தில் பேசினதுக்கு மன்னிச்சுக்கோங்க. இனி சபையில் நான் வாயைத் திறந்தால் ஏனென்று கேளுங்கள்.

நைனாமலைப் பெருமாள் உங்கள் கோழிகளை நோய்நொடி அண்டாமல் காக்கட்டும். அக்காவுக்கு என் வணக்கம்.

தலைகுனிந்து,
தங்கசாமி

பின்குறிப்பு: மேலே உள்ளதில் ஒரு வரிகூட அக்காவுக்குத் தெரிய வேண்டாம். என் லேப்டாப்பைப் பார்த்து நீங்கள் ஆசைப்பட்டீர்கள் என்றும், போனால் போகிறதென்று நான் மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டேன் என்றும் அவளிடமும் எருமப்பட்டி டீக்கடையிலும் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். யாராவது கேட்டால், நீங்கள் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொள்ளுங்கள்.