பெயர்: சுண்டெலி

அட்டை வெறுமையாகவே வருகிறது என்று கேட்டிலிருந்து காவலாளி மறுபடியும் போன் செய்தபோது, பூச்சி டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. தொழிற்சாலையின் கணிப்பொறிப் பிரிவில் நிரல்களில் உள்ள பிழைகளைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை. அந்தப் பிழையை ஆங்கிலத்தில் பூச்சி என்பார்கள். 'பூச்சி பிடிக்கிறவர்' என்று ஆரம்பித்தவர்கள் சோம்பல்பட்டுப் பாதியை விழுங்கிவிட்டார்கள்.

வெளியாட்களுக்குப் பெயர் போட்டு அட்டை அடித்துத் தருவதும், உள்ளாட்களோ வெளியாட்களோ அட்டையைக் காட்டினால் கதவைத் திறப்பதும் அவர் எழுதிய நிரல்தான். முக்கல் முனகல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. நேற்று தலைமை அலுவலகத்தில் கம்பைலரை மாற்றினார்கள். மனிதர் எழுதிய நிரலை எந்திரத்துக்குப் புரிகிறபடி பெயர்த்துத் தருவது அதுதான். புதியதில் போட்டு எடுத்ததும் நிரல் படுத்துவிட்டது. பழையதையே திருப்பித் தரக் கேட்டால், அதை அழித்தாயிற்று என்று பெருமையாகச் சொன்னார்கள்.

நிரலோடு அவருடைய லீவும் படுத்தது. மனைவிக்கு மலைமேல் அணைக்கட்டில் பொறியாளர் வேலை. மழைக்கு முன்னால் போனவள். நேற்று மாலை வண்டியில் அவளிடம் போவதாக இருந்தார். வர முடியவில்லை என்று ஆபீஸ் போனில் சொன்னபோது, அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி, வேலையைப் பாருங்க" என்று வைத்துவிட்டாள். இரவு கூப்பிட்டதற்கு எடுக்கவில்லை. காலையில் கேட்டில் செல்போனை ஒப்படைக்கும்வரை திரும்பக் கூப்பிடவும் இல்லை.

கோபம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு நிரலைத் திறந்தார்.

பழைய கம்பைலர் கண்டும் காணாமல் விட்டதையெல்லாம் புதியது இழுத்துப் போட்டு விசாரித்தது. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லித் திருத்தி அனுப்பினார். இப்போது பெயர் வந்தது, ஆனால் முன்னால் வந்தவருடைய பெயர். லாரி டிரைவர் தணிக்கை அதிகாரியாகி ஏசி அறையில் உட்கார, தணிக்கை அதிகாரியைச் சரக்குக் கொட்டகைக்கு அனுப்பி மூட்டை இறக்கச் சொல்லிவிட்டார்கள். டிரைவர் யாரோடும் சண்டை போடவில்லை. காபி கொண்டுவந்து கொடுத்தார்களாம்.

அதையும் திருத்தினார். இந்தத் தடவை, வெளியே வெற்றிலை வாங்கப் போன மேனேஜரைக் கதவு உள்ளே விட மறுத்தது. காவலாளியின் போனைப் பிடுங்கி மேனேஜர் பேசினார்.

"பூச்சி, நான் யாருன்னு உன் புரோகிராமுக்குக் கொஞ்சம் சொல்றியா?"

"சொல்லிட்டுதான் இருக்கேன் சார். கேக்க மாட்டேங்குது."

தவறு எந்த இடத்தில் என்று தெரிய, நடுவில் ஒரு சொல்லை அச்சடிக்கச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். என்ன சொல் என்றெல்லாம் யோசிப்பதில்லை. கை தானாக அடித்தது: சுண்டெலி.

வீட்டில் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார். பிஸ்கட் டப்பாவைச் சத்தமில்லாமல் திறந்து கொறித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி வந்து பக்கத்தில் உட்காருவாள். அவள் போன பிறகும் கடைக்குப் போனால் அதே பிஸ்கட்டை வாங்கி வந்துவிடுகிறார். டப்பா நிறைந்தே இருக்கிறது. நமத்துப்போனதைக் கொட்டிவிட்டு மறுபடியும் நிரப்புகிறார். யாராவது திருடித் தின்றால் தேவலை என்றிருக்கும்.

அந்தச் சொல்லோடு நிரலை அனுப்பினார். கதவு திறந்தது. மேனேஜர் உள்ளே வந்தார். பூச்சி சொல்லை எடுத்தார். கதவு சாத்திக்கொண்டது. திரும்பப் போட்டார், திறந்தது. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

"ஓடுதில்ல? அதுமேல கை வைக்காதே," என்றார் மேனேஜர்.

சொல் தன் திரையில் மட்டும்தான் வருகிறது என்று பூச்சி நினைத்திருந்தார். தணிக்கை அதிகாரி புது அட்டை வாங்கிக்கொண்டு படியேறி வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கதவளவு அகலமான மனிதர். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது: 'பெயர்: சுண்டெலி'. அவருக்குப் பின்னால் கொதிகலன் மெக்கானிக் சுண்டெலி. அவருக்கும் பின்னால், தீயணைப்புச் சோதனைக்கு வந்த இரண்டு சுண்டெலிகள்.

"இது யாரைச் சொல்றது?" என்று அதிகாரி கேட்டார்.

"யாரையும் இல்ல சார்," என்றார் பூச்சி. ஊரில் உள்ளவர்கள் சட்டையிலெல்லாம் அவள் பெயர் போகிறது. அவள் மட்டும் இல்லை.

மேனேஜர் ஓடி வந்து, உடனே கை வை என்றார்.

மத்தியானச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வரிவரியாகப் படித்து, கடைசியில் காரணத்தைப் பிடித்துவிட்டார். பெயரை வைக்க ஒதுக்கிய இடத்தைத் துடைத்துச் சுத்தமாக்க அவர் எழுதவே இல்லை. பழைய கம்பைலர் கேட்காமலே துடைத்துக் கொடுத்துவந்தது. புதியது தன்னிடம் சொல்லாத வேலையைச் செய்கிற ரகமில்லை. அதனால் கடைசியாக அங்கே விழுந்த சொல் அப்படியே தங்கிவிட்டது. துடைக்க ஒரே ஒரு வரி சேர்த்தார். இனி அந்தச் சொல்லை எடுத்தால் போதும். எடுக்கத்தான் மனம் வரவில்லை. நேற்றிலிருந்து அவளை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அது ஒன்றுதான்.

பெருமூச்சு விட்டு அழிக்கப் போனார். போன் அடித்தது. காவலாளி.

"இதோ மாத்திட்டேன்ப்பா. இனிமே அவங்கவங்க பேருதான் வரும்."

காவலாளி அவசரமாகத் தடுத்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார். காலையிலேருந்து எல்லாரும் பேரை மாத்திக் குடுன்னுதான் சண்டை. இப்ப மலையிலேருந்து பெட்டியோட ஒரு அம்மா வந்து நிக்கறாங்க. அவங்க மட்டும், என் பேரு சரியாத்தான் இருக்கு, மாத்தக் கூடாதுங்கறாங்க."