கால் மணிக்கு ஒரு விலை

எல்லா ஊரிலும் ஒருவர் இருக்கிறார். மழை வருமா என்று கேட்டால் வங்கக் கடலில் காற்று எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் சுழல்கிறது என்று சொல்வார். மொட்டை மாடியில் தன் வேட்டி நனைவது மட்டும் அவருக்குத் தெரியாது. இந்த இனத்தின் புதிய கிளை ஒன்று எங்கள் ஆந்திரப் புத்தூரில் தழைத்திருக்கிறது. இதற்கு நான் வைத்திருக்கும் பெயர் மின்சந்தை மேதை.

எங்கள் தெரு மேதையின் பெயர் ஜெயபிரகாஷ். சர்க்கரை ஆலை ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். கையில் செல்போன், அதில் டெல்லி மின்சார எக்ஸ்சேஞ்சின் விலைப்பட்டியல். ஒரு நாளைக்குத் தொண்ணூற்றாறு விலை, அதாவது கால் மணிக்கு ஒன்று. கம்பெனிகள் அங்கே மொத்தமாக வாங்குகின்றன, விற்கின்றன. வெயில் ஏற ஏற சோலார் கரண்ட் குவிந்து விலை இறங்குகிறது, விளக்கு வைக்கும் நேரத்தில் ஏறுகிறது. எல்லாம் உண்மைதான், ஒரு வரி பொய் கிடையாது. எங்கள் தெரு மீட்டர்களுக்கு மட்டும் இந்தச் சங்கதி இன்னும் தெரியாது. அவற்றுக்குக் காலை ஒன்பதும் ஒன்றுதான், உச்சி வெயிலும் ஒன்றுதான்.

அதைச் சொன்னால் மேதை விடுவாரா? "அது ரெகுலேஷன் சார். போட்டி வரட்டும், அப்புறம் பாருங்க. சிம் கார்டு மாத்தற மாதிரி கரண்ட் கம்பெனிய மாத்திக்கினே இருக்கலாம்" என்பார். மின்கட்டணத்தைப் பற்றிப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்றுக்குத் திருப்பதி வரை போய் மைக் பிடித்திருக்கிறார். அங்கே ஒரு அதிகாரி "நோட் சேசுகுன்னாம் சார்" என்றாராம். தெலுங்கில் குறித்துக்கொண்டோம் என்று அர்த்தம். மேதை அன்றிலிருந்து நாட்டின் மின்கொள்கையில் பாதி தன்னுடையது என்று நம்புகிறார். அந்த பஸ் டிக்கெட்டைக்கூட இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். சிரிக்காதீர்கள், போன மாதம் இவர் பேச்சைக் கேட்டு இஸ்திரியைத் தள்ளிவைத்து, கசங்கின சட்டையோடு பேங்குக்குப் போனவன் நான்.

சரி, என் சட்டை போகட்டும். தேவயானி கதைக்கு வருகிறேன்.

தேவயானி எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். எங்கள் தெருப் பெண் லீனாவின் கல்யாணத்துக்கு, சர்ச் வாசலில் முன்னூறு பேருக்குக் காலை இட்லி அவள் பொறுப்பு. அவளுக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். இது சொதப்பினால் அடுத்த கல்யாணத்துக்கு ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள். முந்தின நாள் விடியற்காலையிலேயே அரிசியையும் உளுந்தையும் ஊறப்போட்டுவிட்டு, ஒன்பது மணிக்குக் கிரைண்டர் சுவிட்சில் கை வைத்தாள். வந்து சேர்ந்தார் மேதை.

"நிறுத்தும்மா, நிறுத்து! இப்போ போட்டா நஷ்டம். பன்னெண்டே காலுக்குப் பாதி ரேட்டுக்கு இறங்குது பாரு!"

"எனக்கா அண்ணா இறங்குது?"

"நாட்டுக்கே இறங்குதும்மா!"

நாட்டுக்கே இறங்குகிறது என்றபின் தேவயானி என்ன செய்வாள், பாவம். போன மாத பில் வேறு எகிறியிருந்தது. படித்த மனுஷன், கண்ணாடி போட்டவர், செல்போனில் கோடு கோடாகக் காட்டுகிறார். சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று.

மேதை தெருமுனைக்கு ஓடினார், பின்னால் தேவயானி, வேடிக்கை பார்க்க நான். கம்பத்தின் உச்சியில் லைன்மேன் சிட்டிபாபு, கம்பியில் உரசும் வேப்பங்கிளைகளை வெட்டிக்கொண்டிருந்தார். மேதை செல்போனை மேலே தூக்கிக் காட்டினார். "இன்னாப்பா இது! ரேட் இறங்கற நேரம் இது!"

"ரேட் இறங்கினா இன்னா சார், நான் இன்னும் இறங்கலியே" என்றார் சிட்டிபாபு. "சாயந்திரம் அஞ்சு ஆவும். காத்தாலயே தெரு வாட்ஸப் குரூப்ல போட்டேனே, பாக்கலியா?"

மேதை பார்க்கவில்லை. பூ வைத்த வணக்கப் படங்களாக வருகின்றன என்று தெரு குரூப்பின் வாயை அவர் என்றைக்கோ அடைத்துவிட்டார். தேவயானியோ ஊறின அரிசியை விட்டு அன்று தலை நிமிரவேயில்லை.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "அஞ்சு மணிக்கு மேல போட்டா அரைச்சு முடிக்கவே நடுராத்திரி ஆவும், மாவு எப்போ பொங்கறது? காத்தால நாலு மணிக்கு இட்லி ஊத்தணுமே! முன்னூறு பேரு கல்லு மாதிரி இட்லிய துன்னுட்டு என்னைத்தானே திட்டுவாங்க?"

எனக்கும் கோபம் வந்தது. மேதை செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். டெல்லியிலிருந்து பதில் வரவில்லை. பதில் கம்பத்தின் மேலிருந்து வந்தது.

"அழுவாதம்மா. பக்கத்து ஊரு நாராயணவனம் வேற லைன், அங்க கரண்ட் கீது. எங்க பெரியம்மா கோவிந்தம்மாள் வூட்ல பெரிய கிரைண்டர் கீது. நான் போன் போட்டு சொல்றேன், நீ கிளம்பு."

ஆட்டோ வந்தது, அண்டாக்கள் ஏறின. உளுந்துப் பாத்திரத்துக்கு மட்டும் இடமில்லை. தேவயானி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, ஏறுங்க" என்றாள். அந்தக் குரலுக்கு யாரும் ஏறியிருப்பார்கள். பாத்திரம் மேதையின் மடியில் உட்கார்ந்தது. நாராயணவனம் வரைக்கும் எத்தனை வேகத்தடை என்று இப்போது அவருக்கு மனப்பாடம்; ஒவ்வொன்றுக்கும் உளுந்துத் தண்ணீர் ஒரு கை அவர் பேண்ட்டில் இறங்கியது. ஆட்டோ வாடகை எந்தச் சந்தையிலும் இறங்கவில்லை.

மறுநாள் காலை இட்லி பூவாக வந்திருந்தது. லீனாவின் அத்தை பந்தியிலேயே தேவயானியைக் கூப்பிட்டு, அடுத்த மாதம் தன் மகன் நிச்சயதார்த்தத்துக்கும் அவள்தான் என்று சொல்லிவிட்டாள். எனக்குப் போன உயிர் வந்தது. பக்கத்து இலையில் மேதை. ஆறாவது இட்லியை விண்டுகொண்டே என் காதோரம் சாய்ந்தார். "பாத்தீங்களா சார்? அரைக்கிற டைமை மாத்தினதுல எவ்ளோ சாஃப்ட்டு!"

சாம்பார் வாளியோடு நின்ற தேவயானிக்கு அது கேட்டுவிட்டது. "அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். டெல்லி ரேட் வாணாம். நம்ம தெருவுல எப்போ கரண்ட் நிக்கும்னு மட்டும் கேட்டு சொல்லுங்க, போதும்."

மேதை இட்லியை விழுங்கிவிட்டு, பெருந்தன்மையாகக் கையை அசைத்தார்.

"அது லோக்கல் மேட்டரும்மா. நான் அதுக்குள்ள போறதில்ல."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். தங்கம் இன்று என்ன விலை? தெரிகிறது. கச்சா எண்ணெய்? அதுவும் தெரிகிறது. மின்சாரத்தைத் தனியாரிடம் விடலாமா கூடாதா என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவீர்கள், பேசியும் இருப்பீர்கள். நல்லது. உங்கள் தெருக் கம்பத்தில் ஏறுகிறவர் பெயர் என்ன?

சிட்டிபாபு என்று சொல்லாதீர்கள். அவர் எங்கள் தெரு.