மூவாயிரத்து நானூறு

தானியக் கிடங்கின் எடை மேடையில் நாலாயிரத்துத் தொள்ளாயிரம் பவுண்டு என்று எழுத்து ஒளிர்ந்ததும், ஓரின் ஹாகன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். மேடைமேல் நின்றது, வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகிற சின்ன வீடு மாதிரியான அவருடைய டிரெய்லர் மட்டும்தான். அதை இழுக்கும் பிக்கப் வண்டியைக் கழற்றித் தள்ளி நிறுத்தியிருந்தார்.

பிக்கப்பின் பின்கொக்கியில் அடித்திருந்த எண் மூவாயிரத்து நானூறு. அதற்கு மேல் இழுக்கக் கூடாது. அமெரிக்க எல்லைக்கு அந்தப் பக்கம், கனடாக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய வண்டி அது. கையேடு எப்போதோ தொலைந்துவிட்டது. கொக்கித் தகட்டிலும் அந்த எண்ணைத் தவிர மற்றதெல்லாம் துருவோடு போய்விட்டது. ஓரினுக்கு அது போதும். காகிதத்தில் இருப்பதை அவர் அவ்வளவாக நம்புவதில்லை. இரும்பில் அடித்திருந்தால் நம்புவார்.

எதிர்வீட்டு ஆர்விட் அதையெல்லாம் பார்க்க வேண்டாம் என்றார். அந்தப் பிக்கப் ஒரு வீட்டையே இழுக்கும் என்பது அவர் கட்சி. ஓரின் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், ஆனால் சம்மதிக்கவில்லை. போகப்போவது கனடாவில் இருக்கும் ஹெரான் ஏரிக்கு. மலைமேலிருந்து ஏரிக்கரைக்குச் செங்குத்தாக இறங்கும் சாலை. பக்கத்து இருக்கையில் மனைவி லவோன் இருப்பாள்.

குளிர்காலம் முழுவதும் லவோன் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்தாள். மார்பில் கட்டி. அறுத்து, மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, வசந்தம் வந்தபோது டாக்டர் இனி பயமில்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் ஓரின் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் வண்டியை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார். டிரெய்லர் வாங்க முடிவு செய்தது அங்கேதான். அப்படித் திரும்பக் கிடைத்தவளை ஒரு இறக்கத்தில் பணயம் வைக்க அவர் தயாராக இல்லை.

வீட்டுக்கு வந்து எண்களைச் சொன்னார். பயணமே நடக்காது போலிருக்கிறது என்றார். லவோன் தலையில் சுற்றிய துணியைச் சரிசெய்துகொண்டு, "முதல்ல ஏரிக்குப் போன் பண்ணி இடத்தைப் பதிவு பண்ணிடறேன். எடையை நீ பாத்துக்கோ, ஓரின்," என்றாள்.

மறுநாளே ஓரின் திருப்புளியோடு டிரெய்லருக்குள் ஏறினார். சோபா வெளியே வந்தது. சாப்பாட்டு மேஜை வந்தது. அடுப்பும் குளிர்பெட்டியும் ஏசியும் வந்தன. மெத்தைகளும், மழைக்கு விரிக்கிற பந்தலும் வந்தன. புல்வெளி ஏலக்கடை மாதிரி ஆகிவிட்டது. வண்டி நிறுத்தி விலை கேட்ட ஒருவரை லவோன்தான் சமாதானமாகப் பேசி அனுப்பினாள்.

கழற்றியதையெல்லாம் எங்கே வைப்பது? ஓரின் பிக்கப்பின் முதுகில் ஏற்றினார். பின்பக்கம் தரையைத் தொட, மூக்கு வானத்தைப் பார்த்தது. அடுத்த வீட்டு தோரா பெர்கம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து இதைக் கவனித்தார். தோரா கணவனை இழந்தவர். நாற்பது வருஷம் கோதுமை லாரி ஓட்டியவர்.

"இழுத்தாலும் சுமை, சுமந்தாலும் சுமைதான், ஓரின். வண்டிக்கு ரெண்டும் ஒண்ணு," என்றார் தோரா.

ஓரின் எல்லாவற்றையும் இறக்கினார். டிரெய்லரை மாட்டியபோது பிக்கப்பின் பின்பக்கம் மறுபடி படுத்தது; டிரெய்லரின் மூக்கு கொக்கியை அழுத்துவதால்தான் என்று தோன்றியது. அதனால் டிரெய்லருக்குள் மிச்சமிருந்த கனமான சாமான்களை அதன் வால்பக்கம் நகர்த்திவிட்டு, தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். மூக்கு லேசானது உண்மைதான். வால்தான், எஜமானனைப் பார்த்த நாய்க்குட்டியுடையது போல இரண்டு பக்கமும் ஆட ஆரம்பித்தது. ஆர்விட்டின் தபால்பெட்டி கம்பத்தோடு சாய்ந்தது.

ஆர்விட் செருப்புக் காலோடு வெளியே வந்தார். குளிர்காலம் பூராவும் ஓரின் வீட்டு வாசலில் பனி தள்ளியவர் அவர்தான். கோழிகளுக்குத் தீனி போட்டவரும் அவரே. நன்றி சொல்லப் போனபோதெல்லாம் வானிலையைப் பற்றிப் பேசி ஓடிவிடுவார். அப்படிப்பட்டவரின் தபால்பெட்டியைப் போய் இடித்துவிட்டோமே என்று ஓரினுக்கு உடம்பே கூசியது.

ஆர்விட் பெட்டியைப் பார்த்தார். பிறகு புல்வெளியில் கிடந்த அடுப்பைப் பார்த்தார். தன் வேனில் இடம் இருக்கிறதென்றும், அடுப்பையும் குளிர்பெட்டியையும் தானே ஏரிக்குக் கொண்டுவந்து போட்டுவிட்டுத் திரும்பிவிடுவதாகவும் சொன்னார்.

"நாலு மணிநேர ரோடு. போட்டுட்டு உடனே திரும்பறதா? ஒரு ராத்திரி தங்கிட்டுத்தான் போகணும்," என்றாள் லவோன் ஜன்னலிலிருந்து.

அடுப்பைத் தூக்கத்தானே, அப்படியானால் ஒரு ராத்திரி தங்கலாம், என்றார் ஆர்விட்.

அடுத்து மெத்தைகள். தோராவின் லாரிப் பெட்டி சும்மாதானே கிடக்கிறது என்று லவோன் பொதுவாகச் சொல்லி வைத்தாள். குளிர்காலத்தில் வாராவாரம் லவோனை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனவர் தோரா. பெட்ரோலுக்குக்கூட ஒரு காசு வாங்கவில்லை. ஒரு தடவை விருந்துக்குக் கூப்பிட்டதற்கு, பல்வலி என்று சொல்லிவிட்டார். இப்போது மெத்தை என்றதும் கையுறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார்.

சோபாவும் மேஜையும் மற்ற சாமான்களும் கடைசி வீட்டு டுவேன், பெக் தம்பதிக்குப் போயின. மாதக்கணக்கில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் வேகவைத்துச் சுடச்சுடக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, மணியடித்து ஓடியவர்கள் அவர்கள்.

ஓரினுக்கு ஒவ்வொரு உதவியும் ஒரு கல்லாக நெஞ்சில் ஏறியது. டிரெய்லர் இளைக்க இளைக்க அவர் கனத்துக்கொண்டே போனார். ஏற்கெனவே பட்ட கடனே தீரவில்லையே, இப்போது சோபாவையும் தூக்க வைக்கிறோமே என்று லவோனிடம் புலம்பினார். அவள் புளிப்பான ருபார்ப் தண்டு போட்ட கேக்கில் இன்னொரு துண்டை வெட்டி அவர் தட்டில் வைத்தாள். தன் எடையும் கணக்கில் சேரும் என்று அவர் தட்டைத் தள்ளினார்.

"சாப்பிடு. உன்னை நான் தோரா வண்டியில ஏத்தி விடறேன்," என்றாள்.

மறுபடி எடை மேடை. மூவாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு. ஓரின் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் வீடு திரும்பும் வழியில் சமவெளிக் காற்று அடித்தபோது, காலி டிரெய்லர் காகிதப் பெட்டி போலத் தள்ளாடி எதிர்ப்பாதையை எட்டிப் பார்த்தது. அதற்கும் தெருவே வழி கண்டுபிடித்தது. டிரெய்லருக்குக் காற்றை மறைக்க முன்னே ஆர்விட்டின் உயரமான வேன், பின்னே தோராவின் லாரி, கடைசியில் டுவேனின் வண்டி என்று ஊர்வலமாகப் போவதென்று முடிவானது.

அப்படியே போனார்கள். எல்லைச் சாவடி அதிகாரி நான்கு வண்டிகளையும் பார்த்து, யாராவது வீடு மாறுகிறார்களா என்று கேட்டார். ஓரின் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் யாரும் ஹார்ன் அடிக்கவில்லை. லவோன் கண்ணாடியை இறக்கி, துணியை அவிழ்த்து, அரை அங்குலம் முளைத்திருந்த புது முடியில் காற்றைப் படவிட்டுக்கொண்டு வந்தாள். ஓரின் சாலையையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தார்.

மாலை வெயிலில் சோபாவை ஏரிக்கரை மணலில் போட்டார்கள். மெத்தைகள் வரிசையாகக் கிடந்தன. திறந்தவெளியில் அடுப்பு எரிந்தது. பெக் மீன் வறுத்தாள். போட்டுவிட்டுத் திரும்புவதாகச் சொன்ன ஆர்விட் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, நாளைக்கும் இருக்கலாம் போலிருக்கிறதே என்றார். சோபாவின் நடுவில் லவோன். அவளுக்கு ஒரு பக்கம் தோரா, காலைத் தூக்கி மேஜைமேல் போட்டிருந்தார். எல்லோர் தட்டிலும் லவோனே பரிமாறினாள். யாரும் பல்வலி என்று சொல்லவில்லை. ஓரின் முகத்தைத் திருப்பி மூக்கைச் சிந்திக்கொண்டார்.

கூடார வாடகைக்குச் சீட்டுக் கொடுக்கும் பெண் சுற்றி வந்தபோது, ஓரின் பிக்கப்பின் கொக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இப்படிப் பத்திரமாக இறங்கியவர்கள் இந்தச் சாலையில் குறைவாகத்தான் இருப்பார்கள் என்று பெருமையாகச் சொன்னார். வரம்பு மூவாயிரத்து நானூறு, தன் டிரெய்லர் அதற்குப் பத்து பவுண்டு குறைவு என்றார்.

அந்தப் பெண் குனிந்து தகட்டைப் பார்த்தாள். "இது எங்க ஊர் வண்டியாச்சே ஐயா. இது கிலோ."

ஓரினின் கையில் துணி அப்படியே நின்றது. மனதுக்குள் பெருக்கிப் பார்த்தார். ஏழாயிரத்து ஐந்நூறு பவுண்டு வந்தது. ஆர்விட் சொன்னாற்போல ஏறக்குறைய ஒரு வீடு. கழற்றிய ஒவ்வொரு திருகும் கண்முன் வந்து போனது. சோபாவில் சிரித்துக்கொண்டிருந்த மனைவியை ஒரு தரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அம்மாடி, இதை என் வீட்டுக்காரிகிட்ட மட்டும் சொல்லிடாத."

"அவங்க இடம் பதிவு பண்ண போன் பண்ணி, கனடா வண்டி, மூவாயிரத்து நானூறுன்னு சொன்னப்பவே கிலோன்னு சொல்லிட்டேனே ஐயா. உடனே ஒண்ணுக்குப் பதிலா நாலு இடமா போடச் சொன்னாங்க. 'நன்றிக்குன்னு கூப்பிட்டா எங்க தெருவுல ஒருத்தரும் வரமாட்டாங்க, சாமான் தூக்கணும்னா எல்லாரும் வருவாங்க, அதனால கிலோன்னு மூச்சு விட்டுடாத'ன்னாங்க."