கனவில் வந்த நம்பர்

ஞாயிற்றுக்கிழமை காலை, தோசைக்கும் சட்னிக்கும் நடுவில், கன்னையா தன் வாழ்க்கையின் மாபெரும் முடிவை அறிவித்தார்.

"சீதா, நான் எக்ஸ்சேஞ்சை மாத்தப் போறேன்."

"எக்ஸ்சேஞ்சுன்னாலே மாத்துறதுதானே? மாத்துறதையே மாத்துவீங்களா?" என்றாள் சீதாலெட்சுமி.

கன்னையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மலேசியாவின் கிள்ளானில் இருந்த அவர்கள் வீட்டுச் சமையலறைக்குக் கேபினட் போட ஒதுக்கிய பணத்தை, அவளுக்குத் தெரியாமல் கிரிப்டோவில் போட்டுவிட்டார். அது பாதியாகக் கரைந்துவிட்டது. அவளிடம் சொன்னதெல்லாம், "சும்மா சில்லறைக் காசுல விளையாடுறேன்" என்பதுதான். அவளோ வாரம் தவறாமல் வெறும் சுவரைப் பார்த்து, "கேபினட் எப்போங்க வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். உண்மை தெரிவதற்குள் போனதை மீட்டாக வேண்டும். வேலையிடத்துக் கிஷன்தான் வழி சொன்னான். கிரிப்டோ வாங்கி விற்கிற வேறொரு புது எக்ஸ்சேஞ்சில் சேர்ந்தால் போனஸ் தருகிறார்களாம். விட்டதில் கொஞ்சமாவது பிடித்துவிடலாம்.

"இப்ப இருக்கிறதுக்கு என்ன கேடு?"

"அங்க போனஸ் குடுக்கிறான்."

"கல்யாணம் ஆனதிலேருந்து நான் அய்யூப் அண்ணன்கிட்டதான் மீன் வாங்குறேன். ஒரே ஒரு நாள், ரெண்டு வெள்ளி குறைச்சானேன்னு பக்கத்துக் கடைக்குப் போனேன். அந்த வவ்வால் மீனை நீங்க மறந்திருக்க மாட்டீங்க."

"மீனும் கிரிப்டோவும் ஒண்ணா?"

"ரெண்டும் நாறினப்புறம்தான் தெரியும்."

கன்னையா இன்னொரு தோசையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவள் விடவில்லை.

"புது இடம்னா மறுபடியும் ஐசி கார்டு படம் கேப்பான். மூஞ்சியை இப்பிடித் திருப்பு, அப்பிடித் திருப்புன்னு சொல்வான். போன தடவை கண்ணைச் சிமிட்டச் சொன்னதுக்கு, மூடிட்டு அப்பிடியே தூங்கிட்டீங்க."

"அது அசதி."

"இப்ப இருக்கிறவங்க எப்பக் கேட்டாலும் பதில் சொல்றாங்க. வித்தா அன்னைக்கே காசு பேங்குக்கு வந்துருது. இதெல்லாம் போகட்டும். என் கனவு நம்பர் என்னாகும்?"

கன்னையாவுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. அவர் முதன்முதலில் கணக்குத் திறந்தபோது, ஒரு கட்டத்தில் அந்த ஆப் ஏதோ 'கோட்' கேட்டது. அவர் முழித்தார். சீதாலெட்சுமிதான் ஓடி வந்து, "விடியக்காலையில கனவுல ஒரு நம்பர் வந்துச்சுங்க, அதைப் போடுங்க" என்றாள். கார் மோதினால் அடிபட்டவரைப் பார்க்கும் முன் நம்பர் பிளேட்டைப் பார்த்து, நேரே லாட்டரி நம்பர் கடைக்கு ஓடுகிற ஊர் இது. கனவில் வந்த நம்பரை யார் தட்டுவார்கள்? மற்றவர்களுக்கு நாலு இலக்கம்தான் வரும். இவளுக்கு எட்டு வந்தது. பெரிய கனவு என்று கன்னையா பெருமைப்பட்டுக்கொண்டார்.

"ராசியை விட்டுட்டுப் போனா சாமி சும்மா விடாது லா" என்றாள் இப்போது சீதாலெட்சுமி.

"சரி சரி. மாத்தல."

கிஷனுக்குப் போன் போட்டு, "நமக்கு ஒரே கடைதான் தம்பி" என்று பெரிய மனிதர் தோரணையில் சொன்னார். கிரிப்டோவில் கூடத் தன்மேல் இவ்வளவு அக்கறை வைத்திருக்கிறாளே என்று நெஞ்சு நெகிழ்ந்தது. அந்த உற்சாகத்தில் மாதம் முழுக்க வாங்கினார், விற்றார், விற்றதையே கூடுதல் விலைக்கு மறுபடி வாங்கினார்.

மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை வாசலில் லோரி வந்து நின்றது. இரண்டு பேர் இறங்கி, சமையலறைச் சுவரில் பளபளவென்று கேபினட் மாட்ட ஆரம்பித்தார்கள். கன்னையா சமையலறைக்கு ஓடினார்.

"சீதா, இதுக்குக் காசு?"

"கட்டியாச்சு. எல்லாம் உங்க காசுதான்."

மாட்டிக்கொண்டோம் என்று முடிவுகட்டி, கன்னையா ஒரே மூச்சில் கொட்டிவிட்டார். கேபினட் பணம், கிரிப்டோ, பாதி போனது, எல்லாம்.

"தெரியுமே. பேங்க் மெசேஜ் என் போனுக்குத்தானே வருது?"

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருந்தே?"

"சொன்னாக் கேக்குற ஆளா நீங்க? அதான் கணக்குத் திறக்கிற அன்னைக்கே ஏற்பாடு பண்ணிட்டேன். உங்களுக்கு முந்தியே நான் அங்க சேர்ந்தாச்சு. அந்தக் கனவு நம்பர் என்னோட கோட். அதைப் போட்டுச் சேர்ந்தவங்க வாங்கினா எனக்குக் கமிஷன், வித்தாலும் கமிஷன்."

"நான் நட்டப்பட்டா?"

"அப்பவும்தான்."

கன்னையா மெதுவாகச் சுவரைப் பார்த்தார். மேலே மட்டும் கேபினட் தொங்கியது. கீழே மொட்டைச் சுவர்.

"கீழ் கேபினட் எங்க?"

சீதாலெட்சுமி அவர் போனை எடுத்து வந்து கையில் வைத்தாள்.

"மசமசன்னு நிக்காம, உக்காந்து எதையாவது வாங்கி வித்துக்கிட்டே இருங்க. அடுத்த மாசம் வந்துரும் லா."