மச்சினனை மேலே அனுப்பியவர்

நிர்வாக ஆலோசகர் என்பவர், ஒரு கம்பெனியில் என்ன கோளாறு என்று அந்தக் கம்பெனிக்காரர்களிடமே கேட்டு, அதை அவர்களுக்கே எடுத்துச் சொல்கிறவர். நம் ஆலோசகர் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது ஒரு பூட்டுத் தொழிற்சாலையில்.

அங்கே எந்தச் சாவியைப் போட்டாலும் எந்தப் பூட்டும் திறந்துகொண்டது. நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று முதலாளி முடிவுகட்டிவிட்டார். அதற்கு ஓர் அறிக்கைதான் பாக்கி.

ஆலோசகர் ஃபோர்மேனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார்.

ஃபோர்மேன் சுற்றுமுற்றும் பார்த்தார். "முதலாளியோட மச்சினன்தான் சார். கொள்முதல் பூரா அவர் கையில. தகரத்தை வாங்கிப் போட்டுட்டு எஃகுன்னு சாதிக்கிறாரு. பூனைக்கு யாரு சார் மணி கட்டறது?"

ஆலோசகர் கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் தன் வேலை போய்விடும். சொல்லாவிட்டால் நாற்பது குடும்பம் தெருவில் நிற்கும். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எண்பது பக்கம் எழுதினார். சாரம் இதுதான்: 'கொள்முதல் அதிகாரியின் அபாரத் திறமை இங்கே குடத்திலிட்ட விளக்காக இருக்கிறது. அன்னாரைச் சர்வதேசத் தொலைநோக்குப் பிரிவின் தலைவராக உடனே உயர்த்துக.'

"அப்படி ஒரு பிரிவு எங்கய்யா இருக்கு?" என்றார் முதலாளி.

"இனிமேதான் சார் ஆரம்பிக்கணும். ஆறாவது மாடியில."

"அங்க உட்கார்ந்து அவன் என்ன பண்ணுவான்?"

"தொலைவா நோக்குவார் சார்."

முதலாளியின் மனைவிக்கு ஆனந்தக் கண்ணீர். மச்சினன் ஜன்னலோரம் போய் அமர்ந்தார். கொள்முதல் ஃபோர்மேன் கைக்கு வந்தது. பூட்டுகள் பூட்டின. நாற்பது பேரும் மறுநாள் வேலைக்கு வந்தார்கள்.

மச்சினன் இல்லாத முதலாளி உலகத்தில் உண்டா? பதினெட்டு நாடுகளிலிருந்து ஆள்மேல் ஆள் வந்தது. ஆலோசகர் விமானத்திலேயே குடியிருந்தார். அவர் போன இடமெல்லாம் யாரோ ஒரு மச்சினனோ மருமகனோ மேலே போனார். கீழே வேலை நடந்தது.

இருபது வருடம் கழித்து, அவர் வேலை பார்த்த ஆலோசனை நிறுவனமே அவரை உலகத் தலைவராக நியமித்தது. கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மனைவி கேட்டாள்: "அங்க உங்களுக்கு என்னங்க வேலை?"

அவர் கடிதத்தைப் புரட்டினார். கார் இருந்தது. இரண்டு செயலாளர்கள் இருந்தார்கள். கடல் தெரியும் அறை இருந்தது. திருப்பிப் போட்டும் பார்த்தார். முகம் சுண்டிப்போனது.

"எனக்கே செஞ்சுட்டாங்கம்மா."

"அப்ப வேண்டாம்னு எழுதிப் போட்டுடுங்களேன்."

"இதுவரைக்கும் ஒருத்தர்கூட வேண்டாம்னு சொன்னதில்லையே!" என்றபடி பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

பதவியேற்பு விழாவுக்கு உலகெங்கிலுமிருந்து அறுநூறு தலைவர்கள் திரண்டு வந்தார்கள். விழா நான்கு நாள் நடந்தது. அந்த நான்கு நாளும் உலகத்தில் எங்கேயும், யாருடைய வேலையும் நிற்கவில்லை.