அடுப்போரம் சாத்திய தோல் பை

அடைமழையில் வீடு முழுக்கப் பூசணம் பிடித்துவிட்டது. "கொஞ்சம் துடைச்சுத் தாங்களேன்" என்று மரியசெல்வி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனாள். கணவர் ஃபிராங்க்ளின் அசையவில்லை. தூத்துக்குடி துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். கப்பல் கப்பலாகச் சரக்கு எடுக்கிற கை, கந்தைத் துணியை எடுக்காது என்று அறிவித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் டிவி முன்னால் சாய்ந்துவிட்டார்.

அடுக்களையிலிருந்து ஒரு வாடை வந்தது. எழுந்து ஓடினார்.

அவருடைய தோல் பை! கப்பலில் போகும் தம்பி ஜெஸ்டின் துருக்கியிலிருந்து ஆசையாக வாங்கி வந்தது. சோப்பு நுரை சொட்டச் சொட்ட, எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது.

"ஏளா! என்ன காரியம் பண்ணியிருக்க?"

"பூசணம் பிடிச்சிருந்திச்சி. கழுவிக் காய வச்சேன்."

"இது பையா, பணியாரமா? அடுப்புல வேக வைக்கிததுக்கு? என் தோலையே உரிச்ச மாதிரி இருக்குளா!"

"உங்க தோலுக்குத் தேங்காண்ணெய் போதும். இதுக்கு என்ன போடணும்?"

கேட்டாளே, அதுதான் வினை. கன்டெய்னருக்குள்ளேயே ஈரம் புகாமல் பார்த்துக்கொள்கிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது!

"பைய வீட்டுக்கு வெளிய வச்சு, பூசணத்தக் காஞ்ச துணியால தொடைக்கணும். உள்ள வெள்ளைத்தாள் திணிக்கணும். வெயிலும் ஆகாது, அனலும் ஆகாது. நிழல்ல, ஃபேன் காத்துல மெதுவா காயணும். அப்புறந்தான் தோல் க்ரீம், அதுவும் துளிப்போல. பிளாஸ்டிக் கவர்ல மூடினா திரும்பப் பூத்துரும். துணிப்பையில வைக்கணும். வெளங்குதா?"

"வெளங்கலையே" என்று கண்ணை அகல விரித்தாள் மரியசெல்வி. "என் ஹேண்ட்பேக்ல ஒருக்க செஞ்சு காட்டுங்களேன்."

காட்டினார். அவள் மறுபடியும் ஈரத்துணியோடு வந்தாள். அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளுடைய செருப்பையும் அவரே துடைத்தார். பிறகு பெல்ட்டுகள், ஷூக்கள், வேதப்புத்தகத்தின் தோலுறை. ஒவ்வொன்றுக்கும் அவள் தப்பாகக் கை வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் கொதித்தார். "ஒரு வேல உருப்படியா தெரியுதா ஒனக்கு!" சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, சுவரும் பீரோவும்கூடச் சுத்தமாகியிருந்தன. அதையும் அவர்தான் துடைத்திருந்தார்.

கொல்லைப்புறத்தில் மரியசெல்வி பக்கத்து வீட்டு சரண்யாதேவியிடம் பேசுவது காதில் விழுந்தது.

"கெஞ்சினா செய்ய மாட்டாருக்கா. தப்பா செஞ்சு காட்டணும். கோவம் பொத்துக்கிட்டு வந்து அவரே செஞ்சிருவாரு. நாளைக்கு மீன் கழுவ வைக்கேன், பாருங்க."

ஃபிராங்க்ளினுக்கு ரத்தம் கொதித்தது. என்னவொரு சூழ்ச்சி! இனி தலைகீழாக நின்றாலும் இந்த வீட்டில் ஒரு துரும்பைத் தொடுவதில்லை என்று சபதம் செய்துகொண்டு படுத்தார்.

காலையில் காப்பியும் கையுமாக அடுக்களை வாசலில் நின்றார். மரியசெல்வி முழு விளமீனைச் செதிலோடு, குடலோடு தூக்கி, கொதிக்கிற குழம்புக்கு மேலே பிடித்தாள்.

அவர் பல்லைக் கடித்தார். சுவரைப் பார்த்தார். கண்ணை மூடிக்கூடப் பார்த்தார்.

"ஏளா, நில்லு! அந்த மீன இங்கன கொண்டா!"