சூசையப்பர் தலையில் அடித்த வாடைக்காற்று

குருநகர்,
நத்தார் கழிந்த ஞாயிறு.

பாசமுள்ள மச்சான் ஜெறோமுக்கு,

உன் அத்தான் யாகப்பு எழுதிக்கொள்வது. ஆண்டவருடைய இரக்கத்தால் நானும் உன் அக்கா ஸ்ரெல்லாவும் சுகம்; என் முழங்கால் மட்டும் சுகமில்லை. நோர்வேப் பனிக்குள் நீயும் பெண்சாதி பிள்ளைகளும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் நினைக்கிறேன். போனில் சொன்னால் உன் அக்கா பக்கத்தில் நின்று குறுக்கே கதைப்பாள். அதனால்தான் கடிதம். ஆறுதலாக வாசி.

மச்சான், இந்த நத்தாருக்கு எங்கள் ஒழுங்கைக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தின் பாலன் பிறப்புக் குடிலுக்குத்தான் பங்குக் கோயிலிலேயே முதற்பரிசு! ஓம், முதற்பரிசு! மாதா, சூசையப்பர், இடையர் என்று துணிப்பொம்மைகளைத் தைத்தது உன் அக்கா. ஆனால் சனம் வாயைப் பிளந்து நின்றது தலைமயிரைப் பார்த்து, அந்தத் தலைமயிர் முழுக்க நான் வரைந்தது. முதலில் படம் அனுப்பினபோது நீ என்ன எழுதினாய்? "அத்தான், சூசையப்பர் ஹெல்மெற் போட்டிருக்கிறாரோ?" என்று கேட்டாய். நான் கோபிக்கவில்லை. போனைக் கொஞ்சம் பலமாக மேசையில் வைத்தேன், அவ்வளவுதான். அதன் கண்ணாடி வெடித்தது கொம்பனியின் பிழை. குறை சொன்னால் பொறுமையாகக் கேட்கிற மனுசன் நான் என்பதை இந்தக் கடிதத்திலேயே நீ கண்டுகொள்வாய்.

நீ சொன்னதிலும் ஒரு சொட்டு உண்மை இருந்ததுதான். வள்ளத்துக்கு அடித்து மிஞ்சின கறுப்புப் பெயின்றைப் பூசிவிட்டு, காயமுதலே சூசையப்பரைப் பழைய பேப்பரில் மல்லாத்திவிட்டேன். பிடரியில் மரண அறிவித்தல் ஒன்று ஒட்டிக்கொண்டது. உரிக்க உரிக்க வரவில்லை. உன் அக்கா திருப்பிப் பார்த்துவிட்டு, "சூசையப்பருக்கு நாளைக்கு நல்லடக்கமாம், உற்றார் உறவினர் ஏற்றுக்கொள்ளட்டாம்! இஞ்சேருங்கோ, போன வருசம்போலை இந்தமுறையும் சனம் சிரிச்சுதெண்டால் நான் கம்பளி நூலிலை மயிர் தைக்கிறன். நீங்கள் பிரஷை வைச்சிட்டுக் கதிரையிலை இருங்கோ" என்றாள். மச்சான், எனக்குப் பயம் பிடித்துவிட்டது. முழங்காலால் கடலுக்குப் போகேலாமல் வந்த பிறகு என் கைக்கென்று இருந்தது அந்தப் பிரஷ் ஒன்றுதான். அதுவும் போனால் வீட்டில் எது கதிரை, எது யாகப்பு என்று ஆருக்கும் தெரியாமல் போய்விடும்.

அதனால் மானத்தை விட்டு, பக்கத்து ஒழுங்கைச் சித்திர ரீச்சர் பிரசாந்தியிடம் காட்டினேன். நல்ல பிள்ளை. "அங்கிள், நல்லாய்த்தான் கீறியிருக்கிறீங்கள், ஆனா..." என்றாள். அந்த 'ஆனா'வில் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். "மயிர் எல்லா இடத்திலையும் ஒரே கறுப்பில்லை அங்கிள். உச்சிச் சுழியிலை துடங்கிக் கத்தை கத்தையாய் இறங்கும். வெளிச்சம் படுற இடத்தை விட்டிட்டுக் கீறுங்கோ. முதல்லை ஆக்களின்ரை தலையை ஒருக்கா வடிவாய்ப் பாருங்கோ" என்றாள்.

பார்த்தேன். ஞாயிறு பூசையில் எனக்கு முன்வாங்கில் கோயில் மூப்பர் லெனாட். பிரசங்கம் முழுக்க அவருடைய உச்சியில் சுழியைத் தேடினேன்; காணவில்லை. எனக்கு நல்லதைச் சொல்லித்தந்தமாதிரி நானும் ஒருவருக்கு நல்லதைச் சொல்லுவோம் என்று, பூசை முடிந்து சனம் கலையமுதல், "மூப்பர், உங்கடை தலை நல்லாய்த்தான் இருக்கு, ஆனா சுழியைக் காணேல்லை. மயிர் எல்லாம் ஒருபக்கத்தாலை புறப்படுது" என்றேன். மனுசன் திடுக்கிட்டுத் தலையில் கையை வைத்தார். வைத்ததும் மயிர் முழுக்க இடதுகாதுப் பக்கமாக நகர்ந்தது. அவர் விக் வைத்திருக்கிற விசயம் அதுவரை பங்கில் ஒரு குஞ்சு குருமானுக்கும் தெரியாது. குடில் போட்டிக்கு அவரும் ஒரு நடுவர் என்று வீட்டுக்கு வரும் வழியில் உன் அக்கா ஞாபகப்படுத்தினாள்.

பிறகு பார், நீ அனுப்பின மெல்லிய பிரஷ்களை எடுத்து, கறுப்பு, மண்ணிறம், சாம்பல் என்று குழைத்து, சுழியிலிருந்து ஒவ்வொரு மயிராக இழுத்தேன். உயிர் வந்துவிட்டது! கோயில் வளவில் குடிலைத் தெற்கே கடல் பார்க்கக் கட்டி, பொம்மைகளை அடுக்கி, நடுவர்கள் வரக் காத்துக்கொண்டிருந்தபோது கடலில் தொழில் முடித்து வந்த என் கூட்டாளி கிறிஸ்ரி எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. மயிரெண்டால் உதுதான் மயிர். ஆனா உது சோளகமல்லோ? நத்தாருக்கு எங்கை சோளகம் வீசுது?"

மச்சான், நானும் சீவியம் முழுக்க வள்ளத்தில்தான் தலைமயிரைப் பார்த்தவன். கிடக்கிற மயிரை எனக்குக் கீறத் தெரியாது, பறக்கிற மயிர்தான் வரும். என் கையும் இடமிருந்து வலம் இழுக்கிற கை. தெற்கே பார்த்த குடிலுக்கு முன்னால் நின்று பார்க்கிறவருக்கு இடப்பக்கம் மேற்கு. ஆகவே மாதா, சூசையப்பர், இடையர் எல்லார் தலையிலும் ஆனி ஆடியில் மேற்கிலிருந்து வீசுகிற சோளகக் காற்று! வயல்பக்கத்துக் கமக்காரன் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குருநகர்ச் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். கையில் இருந்த பெயின்ற் ரின்னைக் கிறிஸ்ரி பக்கமாக எறிந்தது உண்மைதான்; ஆனால் மூடி போட்டுத்தான் எறிந்தேன்.

திருத்த நேரமில்லை. அப்போதுதான் அந்த யோசனை பிறந்தது: மயிரைத் திருத்த ஏலாது, குடிலைத் திருப்பலாம்! கிறிஸ்ரியும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். மாட்டுக்கு ஒரு கொம்பு போனது, என் முழங்கால் கத்தினது, குடில் வடக்கே பார்த்தது. இப்போது இடப்பக்கம் கிழக்கு. அடிக்கிறது நத்தாருக்கு வீசுகிற அசல் வாடை!

நடுவர்கள் வந்தபோது அவர்களுக்குத் தெரிந்தது குடிலின் முதுகுதான். வெளிப்பங்கிலிருந்து வந்த சுவாமி, "என்ன, தகரத்தையோ காட்டுறியள்?" என்று கேட்டபடி சுற்றி வந்தார். வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சனத்துக்குள்ளிருந்து ஒரு மனுசி, "ஐயோ, வாடையல்லோ அடிக்குது, பாலனுக்கு ஒரு துணியைப் போடுங்கோவன்!" என்று கத்தினாள். சுவாமி தன் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பூட்டினார், மச்சான், என் கண்ணால் கண்டேன். மூப்பர் லெனாட் மட்டும் குனிந்து சூசையப்பரின் உச்சியை உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். நிமிர்ந்தவர் என் காதுக்குள், "யாகப்பு, உந்தச் சுழி... எனக்கும் ஒண்டு கீறித் தருவியோ?" என்றார்.

பரிசு எங்களுக்கு! நான் எல்லாருக்கும் முன்னால் அழுதேன், வெட்கப்படவில்லை. உன் அக்கா அந்தப் பிரஷைத் தானே கழுவி என் சேட்டுப் பொக்கற்றில் செருகிவிட்டாள்.

ஆகையால் இனி எவரும் எந்தக் குறையையும் என்னிடம் பயமில்லாமல் சொல்லலாம். யாகப்பு மாறிவிட்டான். மாதா உன் குடும்பத்தைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். பிள்ளைகளின் உச்சியில் என் முத்தம்.

இப்படிக்கு,
உன் அத்தான்,
ம. யாகப்பு

பி.கு.: ஒட்டமுதல் உன் அக்கா கடிதத்தை எடுத்து வாசித்துவிட்டாள். "குடிலைத் திருப்பச் சொன்னது நானல்லோ? அதை ஏன் எழுதேல்லை?" என்று ஒரேயொரு திருத்தம் சொன்னாள். சொன்னது அவள்தான்; இல்லையென்று நான் எங்கே எழுதினேன்? ஆனால் கேட்ட விதம் சரியில்லை. முந்தநாள் தொட்டு எனக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம் கிறிஸ்ரி வீட்டில். கதைக்க வேண்டுமென்றால் அவனுடைய நம்பருக்கு எடு.